முகத்தில் ஊசி போடுவது யார்? எதைப் போடுகிறார்கள்?

நிக்காஹ் தேதி குறித்துவிட்டால் நகை, துணி, மண்டபம் என்று நீளும் பட்டியலில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: முகத்துக்கு ஊசி. சுருக்கம் மறைய ஒன்று, கன்னமும் உதடும் எடுப்பாகத் தெரிய ஒன்று, நிறம் கூட இன்னொன்று. பெரிய நகரங்களில் மட்டுமே கேள்விப்பட்டுக்கொண்டிருந்த இந்த விஷயம், கைப்பேசி விளம்பரங்கள் வழியாகக் காரிமங்கலத்து வீடுகளுக்கும் வந்துவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து வந்தால் தள்ளுபடியாம்.

காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையில் குர்பானிக்கு ஆடு வாங்கப் போகும் நாம், வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் பணத்தை எடுப்பதில்லை. ஆனால் சொந்த முகத்தை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, அவர் என்ன படித்தவர், கையில் வைத்திருக்கும் குப்பியில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்படுகிறோம்.

இப்படி ஊசி போட்டுக்கொள்வது மார்க்கத்தில் கூடுமா, எந்த அளவுக்குக் கூடும் என்பதை ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும். விபத்துத் தழும்பைச் சரி செய்வதும் வெறும் அலங்காரமும் ஒன்றல்ல என்பதை அவர்கள் விளக்குவார்கள். நாம் இங்கே பேசுவது உடலுக்கு வரும் ஆபத்தைப் பற்றி மட்டும்.

முதலில் இவை என்னவென்று பார்ப்போம். போடாக்ஸ் என்ற பெயரில் நமக்குத் தெரிந்த மருந்து போட்டுலினம் டாக்சின். ஒருவகை பாக்டீரியா உண்டாக்கும் கடுமையான நஞ்சு அது. மிக மிகச் சிறிய அளவில் கொடுத்தால், நரம்பிலிருந்து தசைக்குப் போகும் உத்தரவைத் தடுத்து, சுருக்கத்தை உண்டாக்கும் தசையைத் தளர்த்தும். மூன்று நான்கு மாதங்களில் அதன் வேலை முடிந்துவிடும். இரண்டாவது வகை ஃபில்லர். இது பெரும்பாலும் ஹயலுரோனிக் அமிலம் என்ற கூழ். பள்ளமான இடத்தில் தோலுக்கு அடியில் ஏற்றி மேடாக்குவார்கள். இரண்டுமே க்ரீம் தடவுவது போன்ற வேலை அல்ல. தோலைத் துளைத்து உள்ளே செலுத்துவது மருத்துவரின் வேலை. பியூட்டி பார்லர் நடத்தும் சகோதரி எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் சரி, இது அவர் செய்யக்கூடியதல்ல.

தவறினால் என்ன ஆகும்? போடாக்ஸ் இடம் தவறினால் கண் இமை தொங்கிப் போகலாம். அளவு மீறினாலோ வேறு இடத்துக்குப் பரவினாலோ விழுங்கவும் மூச்சு விடவும் சிரமம் வரலாம். ஃபில்லரில் ஆபத்து வேறு மாதிரி. முகத்தில் இரத்தக் குழாய்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. புருவ நடுவிலோ மூக்கிலோ ஏற்றும் கூழ் தவறி ஒரு குழாய்க்குள் போய்விட்டால், பின்னோக்கி ஓடி, கண்ணுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயை அடைத்துவிடலாம். அதனால் பார்வை போனவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அடைப்பு கண்ணில் ஏற்பட்டால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குள் செய்வதுதான் பலன் தரும். அதிலும் உறுதி கிடையாது. காரிமங்கலத்திலிருந்து வேறு ஊருக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு, பேருந்தில் வீடு திரும்பும் வழியில் பார்வை மங்கினால் என்ன செய்வோம் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

ஹயலுரோனிக் ஃபில்லரைக் கரைக்க ஹயலுரோனிடேஸ் என்ற மருந்து உண்டு. ஃபில்லர் போடும் இடத்தில் இது கையிருப்பில் இருந்தே ஆக வேண்டும். எனவே, "டாக்டர், அடைப்பு ஏற்பட்டால் கரைக்கும் மருந்து இங்கே இருக்கிறதா? ராத்திரி பிரச்னை வந்தால் யாரைக் கூப்பிடுவது?" என்று கேளுங்கள். தெரிந்தவர் உடனே பதில் சொல்வார், மருந்தை எடுத்தும் காட்டுவார். சிரித்து மழுப்புகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நம் கருத்தில் சுவரில் மாட்டியிருக்கும் பத்து சான்றிதழ்களைவிட இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் அதிகம் சொல்லும். சிலிகான் திரவம் போன்ற 'நிரந்தர' ஊசி என்றால் பேச்சே வேண்டாம். அதைக் கரைக்க மருந்தே இல்லை.

படித்த மருத்துவர் என்றால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு துயரம் நடந்திருக்கிறது. அழகு ஊசி சம்பந்தப்பட்டது அல்ல, பல் சிகிச்சை. ஆனால் பாடம் அதேதான். கிருஷ்ணகிரியைத் தாண்டிப் போனால் வரும் வாணியம்பாடியில், 2023-ல் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் கொடிய தொற்று வந்தது. அவர்களில் எட்டுப் பேர் இறந்துபோனார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தினரும் ஆராய்ந்து 2025-ல் வெளியிட்ட கட்டுரையில் காரணம் தெளிவாக இருக்கிறது. வாயைக் கழுவப் பயன்படுத்திய சலைன் பாட்டிலைச் சுத்தம் செய்யாத கருவியால் திறந்து, மிச்சத்தைத் தளர்வாக மூடி வைத்து, அடுத்தடுத்தவருக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். அதற்குள் புகுந்த மண்வாழ் கிருமி, வாயிலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறியது. காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல், முகத்தில் ஒரு பக்கம் கோணுதல் என்று தொடங்கி மரணத்தில் முடிந்தது. அல்லாஹ் அந்தக் குடும்பங்களுக்குப் பொறுமையைத் தருவானாக.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. போடாக்ஸ் குப்பியில் பொடியாகத்தான் வரும். அதைக் கரைக்க ஊற்றுவதும் சலைன்தான். பல இடங்களில் ஒரு குப்பியைக் கரைத்து இரண்டு மூன்று பேருக்குப் பங்கு போடுகிறார்கள். காலையில் கரைத்தது மாலையில் உங்கள் முகத்துக்கு வரலாம். கரைத்த தண்ணீர் அதிகமானால் மருந்து வீரியம் குறையும், குப்பியைத் திறந்து வைத்த விதம் சரியில்லை என்றால் கிருமி சேரும். அதனால் சீல் உடையாத குப்பியைக் கண் முன்னே திறக்கச் சொல்லுங்கள். பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததா என்று கேளுங்கள். கைப்பையிலிருந்து எடுத்தால் வேண்டாம். ஊசியும் சிரிஞ்சும் ஒருவருக்கு ஒன்று என்பதைச் சொல்லவே தேவையில்லை.

பணக்கார நாடுகளில் இதெல்லாம் நடக்காது என்று எண்ணிவிடாதீர்கள். 2024 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட தகவல்படி, 11 மாநிலங்களில் 22 பெண்கள் போடாக்ஸ் ஊசிக்குப் பிறகு நோய்வாய்ப்பட்டனர். 11 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உரிமம் இல்லாதவர்களிடமோ, வீடுகளிலும் ஸ்பாக்களிலுமோ ஊசி போட்டுக்கொண்டவர்கள் அவர்கள். போலி மருந்தும் அதில் இருந்தது. அதே மாதத்தில் வந்த இன்னொரு அறிக்கை, நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் சொந்த இரத்தத்தை எடுத்து முகத்தில் செலுத்தும் சிகிச்சை பெற்ற மூன்று பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதைப் பற்றியது. அங்கே சோதனை போட்டபோது பெயர் ஒட்டாத இரத்தக் குழாய்கள் சமையலறைக் குளிர்பதனப் பெட்டியில் உணவுப் பொருட்களோடு இருந்தனவாம்.

சரி, தகுதி என்று எதைப் பார்ப்பது? தோல் மருத்துவம் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. டி.வி.எல். அல்லது அதற்கு நிகரான டி.என்.பி., டி.டி.வி.எல். பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை என்றால் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. முகத்தாடை அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். படித்தவர்களும் இதில் பயிற்சி பெற்றிருப்பார்கள். சித்தா, ஹோமியோபதி படித்தவர்கள் அவரவர் துறையில் மருத்துவர்கள்தான், ஆனால் ஃபில்லர் ஏற்றுவது அந்தப் படிப்பில் இல்லை. 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்று பலகையில் இருந்தால், எந்தப் பட்டத்துக்குப் பிறகு என்று கேட்க வேண்டும். சில நாள் வகுப்புக்குப் போய் வாங்கிய காகிதமாகவும் இருக்கலாம். முடி நடுதலும் அழகு சிகிச்சையும் செய்வதற்கு யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்வது பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் எழுதி வெளியிட வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருந்தால் இரண்டு நிமிட வேலை. பதிவு இல்லாமல் நவீன மருத்துவம் பார்ப்பவருக்கு, தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனாலும் நம் தருமபுரி மாவட்டத்தில் போலி மருத்துவர் கைது என்ற செய்தி நின்றபாடில்லை.

ஆளைப் போலவே இடத்துக்கும் பதிவு வேண்டும். மாநிலச் சட்டப்படி ஒவ்வொரு கிளினிக்கும் மாவட்ட மருத்துவ இணை இயக்குநரிடம் பதிவு செய்து, சான்றிதழைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவரே இறந்துபோனார். மருத்துவம் படித்தவருக்கே அந்த இடத்தைப் பற்றி விசாரிக்கத் தோன்றவில்லை. சலூன் நடத்துவதற்கான உரிமம்தான் அங்கே இருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது.

நம் சகோதரிகள் பார்லருக்கும், வீட்டுக்கு வந்து ஊசி போடுபவரிடமும் போவதற்கு மலிவு மட்டும் காரணமல்ல. ஆண் மருத்துவர் முன் முகத்திரை விலக்கத் தயக்கம், யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற பயம். இந்தத் தயக்கம் நியாயமானது. அதற்கு வழியும் இருக்கிறது. பெண் தோல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, மஹ்ரமோடு போகலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. ஊசிக்குப் பணம் கட்டும் முன் அங்கே ஒருமுறை முகத்தைக் காட்டிவிடுங்கள். மங்கு, முகப்பரு, வெயில் கருமை என்று வருபவர்களில் பெரும்பாலோருக்குத் தேவை ஊசியே அல்ல. வெயில் படாத பழக்கமும் சரியான களிம்பும்தான்.

நிறம் கூட்டும் குளூட்டாதயோன் ஊசியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. தோலை வெளுப்பாக்க அதற்கு அனுமதி கிடையாது. தோல் கழன்று போகும் கடும் ஒவ்வாமை, சிறுநீரகம், தைராய்டு பாதிப்பு எல்லாம் வரலாம் என்று பிலிப்பைன்ஸ் அரசே தன் மக்களை எச்சரித்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் நிறம் கேட்கிறார்கள் என்பதற்காக ஒரு பெண்ணின் இரத்தக் குழாயில் இதை ஏற்றுவதைவிட, அந்தச் சம்பந்தத்தையே விட்டுவிடலாம் என்பதுதான் நம் எண்ணம்.

கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள், தசை பலவீன நோய் உள்ளவர்கள் போடாக்ஸைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதையெல்லாம் கேட்காமலே நாற்காலியில் உட்கார வைக்கிறவர் மருத்துவம் பார்க்கவில்லை, வியாபாரம் பார்க்கிறார்.

போட்டுக்கொண்ட பிறகு தாங்க முடியாத வலி, தோல் வெளுத்துப் போவது அல்லது நீலத் திட்டுத் திட்டாக மாறுவது, பார்வை மங்குவது, விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். ஊசி போட்டவரை அழைக்கும்போதே 108-ஐயும் அழைத்து, தருமபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, முகத்தில் எங்கே என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். முன்பு எடுத்து வைத்த குப்பியின் படம் அங்கேதான் உதவும். வெட்கப்பட்டு "அலர்ஜி" என்று மட்டும் சொன்னால் சிகிச்சை திசை மாறிவிடும்.

போலி என்று சந்தேகம் வந்தால் 104-ல் சொல்லலாம், இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம். பதிவு பெற்ற மருத்துவர் மீதான புகார் என்றால் மருத்துவ கவுன்சிலுக்குப் போக வேண்டும், நஷ்ட ஈடு கேட்பதென்றால் நுகர்வோர் ஆணையத்துக்கு. எதற்குமே பில் வேண்டும். ஆகவே பணம் கொடுக்கும்போதே மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.