கொல்லிமலை முடவாட்டுக்கால்: நுனியை விட்டு அறுங்கள்

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் வருவோர் ஊர் திரும்பும்போது, மிளகு, வாழைப்பழத்துடன் முடவாட்டுக்காலையும் வாங்கிச் செல்கிறார்கள். பழுப்பு ரோமம் மூடி, பார்வைக்கு ஆட்டுக்கால் போலவே இருக்கும். ரோமத்தைச் சீவி, மிளகு சீரகம் தட்டிப்போட்டு சூப் வைத்தால் மூட்டுவலிக்கு நல்லது என்பது மலைமக்களின் நெடுநாளைய வழக்கம்.

கிழங்கு என்று சொன்னாலும் இது கிழங்கல்ல. பெரணிச் செடியின் படர்தண்டு. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும். இதற்கு இருவகை இலைகள் உண்டு. நீண்ட பச்சை இலை உணவு தயாரிக்கும். தண்டை ஒட்டிய சிறு பழுப்பு இலை கிண்ணம்போல் நின்று சருகையும் தூசியையும் பிடித்து வைக்கும். அந்த மக்குதான் செடிக்கு எரு. காய்ந்த சருகென்று எண்ணி அதை உரித்தெறியக் கூடாது.

இத்தண்டில் நாரிஞ்சின் முதலிய பொருள்கள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். பம்பளிமாசுப் பழத்தின் கசப்புக்கும் நாரிஞ்சினே காரணம். இத்தகைய பொருள்கள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தன்மையுடையவை. எண்ணெய் நாட்பட்டால் சிக்கு வாடை அடிக்கிறதல்லவா? அது காற்றிலுள்ள ஆக்சிஜன் செய்யும் வேலை. உடலுக்குள்ளும் அதையொத்த சிதைவு நடக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஊதா நிறக் கரைசல் ஒன்றில் சாற்றை விட்டுப் பார்ப்பார்கள். ஊதா வெளிறி மஞ்சளானால் தடுக்கும் சக்தி உண்டென்று பொருள். முடவாட்டுக்கால் சாற்றுக்கு அச்சக்தி உண்டு. ஆனால் கண்ணாடிக் குழாயில் தேறியது முழங்காலில் தேறியதாகாது. எனவே நோய் தீரும் என்று உறுதி கூறி விற்பது முறையல்ல.

இதனினும் பெரிய கவலை அறுவடை பற்றியது. தண்டு நுனியில்தான் வளர்கிறது. விலை கிடைக்கிறதே என்று கொடி முழுவதையும் பெயர்த்துவிட்டால் அந்தப் பாறை வெறும் பாறையாகிவிடும். முதிர்ந்த பின்பகுதியை மட்டும் கத்தியால் அறுத்து, இலையுள்ள நுனியை விட்டு வைத்தால் மீண்டும் படரும். பச்சை இலையின் அடியிலுள்ள பழுப்புப் புள்ளிகளிலிருந்து உதிரும் தூளே இதற்கு விதை. அது உதிருமுன் அறுக்க வேண்டாம்.

காப்பித் தோட்டம் உள்ளவர்கள் நிழல் மரங்களிலேயே வளர்த்துப் பார்க்கலாம். பலா போன்று சொரசொரப்பான பட்டையுள்ள மரம் நல்லது. நுனியும் இரண்டொரு இலையும் கொண்ட சாண் நீளத் துண்டை எடுத்து, கிளைக் கவட்டில் தென்னை நாரும் மக்கிய சருகும் பரப்பி, சணல் கயிற்றால் கட்டிவிட வேண்டும். கயிறு தண்டை நெரிக்கக் கூடாது. மழை பிடிக்கும் மாதங்களே ஏற்றவை. மண்ணில் ஆழப் புதைத்தால் அழுகிவிடும். புல்லுருவியைப்போல் மரத்தின் சாற்றை இது உறிஞ்சாது. மரத்துக்குக் கேடு வருமோ என்று அஞ்ச வேண்டாம்.

வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். மிளகுக்கு ஈடான வருமானத்தை எதிர்பாராமல் நான்கு மரத்தில் தொடங்கினால் போதும். காப்புக்காட்டில் எடுக்க எண்ணுவோர் முதலில் வனத்துறையிடம் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.