குளத்துக்கு முன் கான்

இறம்பொடைப் பக்கம் ஒரு தோட்டம். அங்கே லயன் ஒன்றின் கோடிக் காம்பராவுக்குப் பின்னால் ஒரு குழியைப் பார்த்தேன். ஆறடி நீளம், நாலடி அகலம், ஒன்றரை அடி ஆழம். கொழும்பில் கடை வேலை செய்யும் இளைஞன் ஒருவன் தைப்பொங்கலுக்கு வீடு வந்த இடத்தில் தோண்டியது. தறப்பாள் விரித்து, தண்ணீர் நிரப்பி, அல்லிக் கிழங்கு ஊன்றி, நாலு பொன்மீன் விட வேண்டும் என்பது அவன் ஆசை. வெயில் நேரத்தில் அம்மா வந்து உட்கார ஒரு பலகையும் போடுவானாம்.

முப்பது வருடம் கொழுந்து பறித்த அந்த அம்மா குழியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு கேட்டார்: “ஏண்டா தம்பி, மழைக்கு இந்தத் தண்ணி எங்கிட்டுப் போகும்?”

அவன் பதில் சொல்லவில்லை. மலையில் குளம் வெட்ட நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் பதில் தேட வேண்டிய கேள்வி அது. வீட்டு வாசலில் ஒரு சிறு குளம் வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறே இல்லை. லயன் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் அழகான முற்றம் வேண்டும். அந்த ஆசையை ஆபத்தில்லாமல் நிறைவேற்றும் வழியையும், ஆபத்து வந்தால் யாரிடம் எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லவே இந்தக் கட்டுரை.

ஒரு தொன் எடை

அந்தக் குழி நிறைந்தால் ஏறத்தாழ ஆயிரம் லீற்றர் தண்ணீர் பிடிக்கும். ஆயிரம் லீற்றர் என்றால் ஒரு தொன். ஐம்பது கிலோ சீமெந்து மூட்டை இருபதைச் சரிவின் விளிம்பில் அடுக்கி வைப்பதற்குச் சமம்.

எடையை விடப் பெரிய ஆபத்து கசிவு. மண்ணுக்குள் இறங்கும் நீர் மண் துகள்களுக்கு இடையே உள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. மண்ணின் பாரத்தையும் கூட்டுகிறது. நம் சரிவுகள் பலவற்றில் மேலிருந்து காலம் காலமாக உருண்டு வந்து படிந்த தளர்ந்த மண்தான் இருக்கிறது. அதன் அடியில் வழுக்கும் பாறை. இரண்டுக்கும் நடுவே நீர் புகுந்தால் மேல் மண் முழுவதும் நகரத் தொடங்கும். தேயிலை மலைகளில் அந்தக் காலம் முதல் கான் வெட்டி வைத்திருப்பது இதற்காகத்தான். மழை நீர் மண்ணில் தேங்காமல், அரிக்காமல், மெல்ல இறங்கி ஆற்றுக்குப் போக வேண்டும். கானை மூடிவிட்டுக் குளம் வெட்டுவது அந்த ஏற்பாட்டையே தலைகீழாக்குவது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று சில ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தும் மக்கள் அங்கேதான் வாழ்ந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் பல இடங்களில் சரிந்தன. இந்த அனர்த்தங்களுக்கு ஒரு வீட்டுக் குளம் காரணமில்லை. ஆனால் ஏற்கெனவே நீர் ஊறிப் போன சரிவில் நாமும் ஒரு தொன் நீரைத் தேக்கி வைக்கலாமா என்பதை யோசிக்க வேண்டும்.

மண்ணைக் கேளுங்கள்

கீழே சொல்லும் இடங்களில் குளம் வேண்டவே வேண்டாம்.

• மண் வெட்டிய செங்குத்துச் சுவரின் உச்சியில், அல்லது அதன் அடியில்.
• தாங்கு சுவரின் பின்புறம்.
• வீடு கட்டும்போது கொட்டி நிரப்பிய மண்ணின் மேல்.
• இன்னொருவர் வீட்டுக்கு நேர் மேலே.
• கானின் மீது, அல்லது கானை அடைத்து.
• மலசலகூடக் குழிக்கோ குடிநீர் ஊற்றுக்கோ பக்கத்தில்.

லயனில் இவற்றைக் கழித்துவிட்டால் பெரும்பாலும் இடமே மிஞ்சாது. அப்படியானால் குழி தோண்டாதீர்கள். சமதரையில் ஒரு சீமெந்துத் தொட்டியோ பெரிய பிளாஸ்டிக் பேசினோ போதும். அல்லியும் வளரும், மீனும் வாழும். கசிந்தால் உடனே தெரியும், தேவையென்றால் அரை மணி நேரத்தில் காலி செய்துவிடலாம்.

இடம் பொருத்தமாகத் தெரிந்தால், அலவாங்கால் ஓரடி ஆழக் குழி ஒன்று போடுங்கள். நீர் ஊற்றி மூடிவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள். நீர் முழுதும் இறங்கியிருந்தால், தறப்பாள் கிழியும் நாளில் உங்கள் குளத்து நீரும் அப்படியே சரிவுக்குள் இறங்கும். நீங்கள் ஊற்றாமலே குழியில் நீர் ஊறினால், அங்கே நிலத்தடி ஊற்று ஓடுகிறது. இரண்டில் எது நடந்தாலும் குழியை மண் போட்டு இறுக்கி மூடிவிடுங்கள். இந்தச் சோதனையில் தேறினால் மட்டும் இடம் பத்திரம் என்று ஆகிவிடாது. சரிவைப் பற்றி முடிவு சொல்லும் தகுதி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குத்தான் உண்டு.

வடிகாலோடு கட்டுங்கள்

குளத்தின் அடியில் ஒரு குழாயும் அடைப்பானும் வையுங்கள். நிரம்பினால் வழிந்தோட மேலே இன்னொரு குழாய். இரண்டும் நேராகக் கானில் போய்ச் சேர வேண்டும். வெறும் சரிவில் நீரைத் திறந்துவிட்டால் கீழே இருப்பவர் சுவர் நனையும்.

நீர் மட்டத்தில் பெயின்றால் ஒரு கோடு போடுங்கள். நம் குளிரில் ஆவியாகும் நீர் கொஞ்சம்தான். மழையில்லாத நாட்களில் நாளுக்கு ஓர் அங்குலம் இறங்கினால் கசிவு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, குளத்தைக் காலி செய்து பாருங்கள்.

குழந்தையும் நுளம்பும்

நீரில் மூழ்கி 2021இல் உலகம் முழுவதும் சுமார் 3 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை. தவழும் குழந்தைக்குச் சில அங்குலத் தண்ணீரே போதும், அதுவும் சத்தமில்லாமல் நடந்துவிடும். தோட்டத்தில் பெற்றோர் மலையில் நிற்கும் நேரத்தில்தான் பிள்ளைகள் லயன் வாசலில் விளையாடுகிறார்கள். பிள்ளைக் காம்பராவிலிருந்து ஒரு குழந்தை நழுவி வந்தால் அடுத்த வீட்டுக் குளம் எட்டும் தூரம்தான். ஆகவே வேலியும், தானாக மூடிக்கொள்ளும் படலும் இல்லாமல் குளம் கூடாது. நீரின் மேற்பரப்புக்கு இரண்டு அங்குலம் கீழே பலமான கம்பி வலை போட்டால் இன்னும் நல்லது. குழந்தை விழுந்துவிட்டால் உடனே தூக்கி, தலைகீழாகப் பிடிக்காமல், வயிற்றை அமுக்காமல், மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சில்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். பக்கத்தில் நிற்பவர் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்கட்டும்.

அடுத்தது நுளம்பு. 2017இல் இலங்கையில் டெங்கு நோயாளர் எண்ணிக்கை 1,86,000ஐத் தாண்டியது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குளிர் மலையில் நுளம்பு பெருகாது என்று நம்பியிருக்க வேண்டாம். இறம்பொடை நுவரெலியா நகரை விடப் பல நூறு மீற்றர் தாழ்ந்தது, வெதுவெதுப்பும் அதிகம். முட்டையிலிருந்து நுளம்பு வெளிவரப் பத்து நாள் போதும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், காணியின் உரிமையாளர், அதில் குடியிருப்பவர் இருவர் மீதும் கடமையைச் சுமத்துகிறது. வீட்டு முற்றத்துச் செயற்கைக் குளமும் அதற்குள் அடங்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கலாம், வழக்கும் தொடரலாம். மீன் இல்லாத குளமாக இருந்தால் வாரம் ஒரு முறை முழுதும் காலி செய்து, ஓரங்களைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும். கப்பி மீன் புழுவைத் தின்னும். ஆனால் ஓடையிலோ கொத்மலை நீர்த்தேக்கத்திலோ வீட்டு மீனை விடாதீர்கள். அங்குள்ள சொந்த மீன்களுக்கு அது கேடு.

செடியிலும் கவனம் வேண்டும். சிங்களத்தில் ஜப்பான் ஜபர என்று சொல்லும் ஆகாயத்தாமரையின் ஊதாப் பூ கண்ணைக் கவரும். ஆனால் அதை அழிப்பதற்கென்றே 1909இல் இந்த நாட்டில் கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1939இல் வந்து சேர்ந்த சல்வீனியாவும் வயலையும் வாய்க்காலையும் மூடியது. இரண்டும் வேண்டாம். நம் அல்லியும் நீலாம்பலும் போதும்.

யார் காணி, யார் அனுமதி

இங்குள்ள கஷ்டம் எல்லோருக்கும் தெரியும். தோட்டக் காணி பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. பல தலைமுறை வாழ்ந்தும் காம்பராவுக்குப் பத்திரம் இல்லாதவர் ஏராளம். அவர்கள் தோட்டத் துரையின் எழுத்து அனுமதி இல்லாமல் நிலம் தோண்டினால், பிரச்சினை வந்தால் பழியும் அவர்கள் தலையில்தான் விழும். ஆகவே எழுதிக் கேளுங்கள், எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.

ஏழு பேர்ச் காணியும் புதிய வீடும் கிடைத்தவர்கள் பத்திரத்தை எடுத்து எல்லையைப் பாருங்கள். ஏழு பேர்ச் என்றால் சுமார் 177 சதுர மீற்றர்தான். அதற்குள் வீடு, மலசலகூடம், மரக்கறிப் பாத்தி எல்லாம் இருக்க வேண்டும். சரிவை வெட்டும் எந்த வேலையும் தொடங்கும் முன், பிரதேச சபையிடமும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடமும் அனுமதி பற்றிக் கேளுங்கள். ஓடையைத் திருப்பிக் குளத்துக்கு நீர் கொண்டுவருவது வேறு விடயம். அரச ஓடை பொதுச் சொத்து, அதன் கரையையும் வெட்டக் கூடாது. கை வைக்காதீர்கள்.

எங்கே முறையிடுவது

மேல் வரிசையில் ஒருவர் வெட்டிய குளத்தால் உங்கள் சுவர் நனைந்தால், தோட்டத்துக் கான் அடைபட்டு உங்கள் வீட்டுக்கு மேலே நீர் தேங்கினால், பொறுத்துக் கிடக்காதீர்கள்.

முதலில் படம் எடுங்கள். வெடிப்பு இருந்தால் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து எடுங்கள், நாளை அது பெரிதாகியிருந்தால் தெரியும். பிறகு துரைக்கு எழுதுங்கள், தொழிற்சங்கத்துக்கு ஒரு பிரதி. கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலாளருக்கும் எழுதி, கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வைக் கோருங்கள். கடிதம் இவ்வளவுதான்:

“எங்கள் லயனுக்கு மேலே கான் அடைபட்டு நீர் தேங்குகிறது. இந்தத் திகதியிலிருந்து பின்சுவரில் வெடிப்பு காணப்படுகிறது. படம் இணைத்துள்ளோம். இத்தனை குடும்பங்கள் வாழ்கிறோம். ஆய்வு செய்து அறிக்கையின் பிரதியை எங்களுக்குத் தருமாறு கேட்கிறோம்.”

பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. உங்கள் பகுதிக்கு ஏற்கெனவே அறிக்கை இருந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

தோட்டம் எங்கள் வேலை இல்லை என்று பிரதேச சபை இனிக் கைகழுவ முடியாது. தோட்டங்களுக்குள் செலவு செய்யத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. அயலவருடன் தகராறு என்றால் மத்தியஸ்த சபை. வழக்குக்கு வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு. அரச அதிகாரியின் அலட்சியத்தால் அடிப்படை உரிமை பாதிக்கப்பட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழு, இலக்கம் 1996.

மழை நாளில்

நேர்ப்பக்கச் சுவருள்ள தகரம் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்துவிடுங்கள். 24 மணி நேரத்தில் விழுந்த நீரை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். ஏழரை சென்ரிமீற்றர், அதாவது 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருங்கள், குளத்து அடைப்பானைத் திறந்து கானுக்கு விடுங்கள். 100 தாண்டினால் வெளியேறத் தயாராகுங்கள். 150 தாண்டினாலோ, ஒரு மணி நேரத்தில் 75 பெய்தாலோ, யாரும் வந்து சொல்லும்வரை காத்திராமல் வெளியேறுங்கள். அரசின் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கைகளும் இந்தப் படிகளில்தான் ஏறுகின்றன. மழை குறைவாக இருந்தாலும், தரையில் வெடிப்பு, மரம் சாய்தல், கதவு இறுகுதல், ஊற்று திடீரென நிற்றல், தெளிந்த பீலி நீர் சேறாக வருதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் நேரம் பார்க்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

அடுத்த முறை அந்த லயனுக்குப் போனபோது குழி இல்லை. மண் போட்டு இறுக்கி மூடியிருந்தார்கள். அதே மண்வெட்டியால் வீட்டுக்குப் பின்னால் தூர்ந்து கிடந்த கானை அவன் திறந்துவிட்டிருந்தான், அடுத்த இரண்டு காம்பராக்களின் பின்புறத்தையும் சேர்த்து. சமதரையில் ஒரு சீமெந்துத் தொட்டி. அதன் மேல் கம்பி வலை. வலைக் கண்ணுக்கு நடுவே ஓர் அல்லி மொட்டு தலை நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா பலகையில் உட்கார்ந்து, தொட்டியைப் பார்க்காமல் கானில் நீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.