வெண்புள்ளியும் குஷ்டமும் ஒன்றல்ல



சில ஆண்டுகளுக்கு முன் சித்தூரிலிருந்து சென்னைக்குக் குடிவந்த ஒரு குடும்பத்தார் இரவு வேளையில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மகளுக்குத் திருப்பதியில் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கையில், அவளுடைய உதட்டோரத்திலும் விரல் நுனிகளிலும் வெள்ளைத் திட்டுகளைக் கண்ட மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், "இது குஷ்டம், வேதத்திலேயே இருக்கிறது" என்று சொல்லிவிட்டாராம். தாயார் அழுதுகொண்டிருந்தார். மகளோ ஒன்றும் பேசாமல் துப்பட்டாவுக்குள் விரல்களை மறைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெரியவர் காட்டியது லேவியராகமம் 13ஆம் அதிகாரம். நம்முடைய வேதாகமத்தில் 'குஷ்டம்' என்றிருக்கும் இடத்தில் எபிரெய மூலத்தில் இருப்பது 'ஸாராத்' என்ற சொல். அது ஆடையிலும் வீட்டுச் சுவரிலும்கூட வரும் என்று அதே பகுதி கூறுகிறது. இன்று நாம் தொழுநோய் என்று சொல்லும் வியாதி சுவரில் வருமோ? மேலும், ஆசாரியன் கண்டவுடனே தீர்ப்புச் சொல்லிவிடுவதில்லை. சந்தேகமானால் ஏழு நாள் பொறுத்து மீண்டும் பார்க்கிறான்.

வெண்புள்ளி என்பது தோலுக்கு நிறம் தரும் அணுக்களைச் சரீரத்தின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் உண்டாவது. கிருமியால் வருவதன்று, தொட்டால் ஒட்டாது. திட்டு பால்போல் வெளுத்திருக்கும். ஆனால் உணர்ச்சி குறையாது. தொழுநோயோ 1873இல் ஹேன்சன் என்பவர் கண்டறிந்த கிருமியால் வருகிறது. அதன் திட்டு சற்றே வெளிறியோ சிவந்தோ காணப்படும். பெரும்பாலும் அங்கே தொடு உணர்ச்சி மங்கியிருக்கும். அப்படியொரு திட்டைக் கண்டால் ஒளிக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம்; ஆறு மாதமோ ஓராண்டோ உட்கொண்டால் குணமாகும். திருப்பதியில் ருயா அரசு மருத்துவமனை உண்டு. சித்தூரிலிருந்து வேலூர் கிட்டத்தில்தான். அதனருகே கரிகிரியில் 1955 முதல் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது.

குழப்பத்துக்கு நம் மொழியும் ஒரு காரணம் என்பேன். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கர் பேச்சுவழக்கில் இதைப் 'பொல்லி' என்கிறார்கள். நாமோ 'வெண்குஷ்டம்' என்று பெயரிட்டு இல்லாத குஷ்டத்தை ஒட்டவைத்தோம். 2010இல் தமிழ்நாடு அரசு அச்சொல்லை விலக்கி 'வெண்புள்ளி' என்றே வழங்கும்படி ஆணையிட்டது. தொழுநோயையே மணமுறிவுக்குக் காரணமாகக் காட்ட இடமளித்த விதியை, கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்திலிருந்தும் 2019இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. இதை அறியாத சபை மூப்பர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எல்லா நிறமாற்றமும் வெண்புள்ளியன்று. கழுத்திலும் முதுகிலும் வேர்வையோடு வரும் தேமல் ஒருவகைப் பூஞ்சை. கன்னத்தில் கருமையாய்ப் படரும் மங்கு, கர்ப்ப காலத்திலும் வெயிலிலும் மிகும். ரப்பர்ச் செருப்பின் வார் பட்ட இடம் சிலருக்கு வெளுத்துப்போகும்; செருப்பை மாற்ற வேண்டும்.

நகரத்துக்கு வந்த நம் பிள்ளைகள் மருந்துக்கடையில் தாங்களாகவே கேட்டு வாங்கும் களிம்புகளே எனக்கு அதிகக் கவலை. ஸ்டீராய்டு கலந்தவை சில வாரங்கள் முகத்தை வெளுப்பாக்கிக் காட்டும். பின்பு தோல் மெலிந்து, சிவந்து, பருவும் ரோமமும் தோன்றும். 2018இல் அத்தகைய 14 மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று மத்திய அரசு விதித்தது. பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்புகளால் சிறுநீரகம் பழுதான செய்தி 2023இல் கேரளத்து மலப்புரத்திலிருந்து வந்தது.

அந்தப் பெண்ணைப் பரிசோதித்த மருத்துவர் வெண்புள்ளி என்றே உறுதிசெய்து, களிம்பும் புறஊதாக் கதிர் சிகிச்சையும் எழுதிக்கொடுத்தார். விரல் நுனியில் நிறம் திரும்புவது கடினம் என்பதையும் மறைக்காமல் கூறினார். மறுவாரம் நான் திருப்பதிக்குச் சென்று பெரியவரிடம் அதே அதிகாரத்தை விரித்து, மங்கின வெள்ளைப் புள்ளிகள் உள்ளவனைச் சுத்தமுள்ளவன் என்று தீர்க்கும் 39ஆம் வசனம்வரை வாசிக்கச் சொன்னேன். முன்பு அவர் எட்டாம் வசனத்தோடு நிறுத்தியிருந்தாராம்.