உலர் உடை உள்ளாடை

குளிர்ந்த நீரில் முக்குளிப்பவர்கள், நீர் புகாத உலர் உடைக்குள் அணியும் வெப்பக்காப்பு ஆடை உலர் உடை உள்ளாடை எனப்படுகிறது. பெயரில் உள்ளாடை என்றிருந்தாலும் இது பனியன் போன்ற சிற்றாடை அன்று. கழுத்திலிருந்து கணுக்கால் வரை உடலை மூடும், ஒரே துண்டாகவோ மேல், கீழ் என இரு துண்டுகளாகவோ தைக்கப்பட்ட தடித்த ஆடையாகும். ட்ரைசூட் எனப்படும் உலர் உடை நீரைத் தடுக்கிறது. உடற்சூட்டைக் காப்பது பெரும்பாலும் இந்த உள்ளாடையே.

தேவை

மன்னார் வளைகுடாவின் நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருப்பதால், தூத்துக்குடிக் கடலில் கல்லைக் கட்டி இறங்கி முத்துக்குளித்தவர்களுக்கு இத்தகைய ஆடை தேவைப்படவில்லை. இன்றும் தமிழகக் கடலோரத்தில் ஸ்கூபா முக்குளிப்புக்கு மெல்லிய ரப்பர் உடையே போதுமானது. தமிழர் பலர் வாழும் கனடா, நார்வே, பிரிட்டன் போன்ற நாடுகளில் நிலைமை வேறு. கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் கப்பல் சிதைவுகளுக்குப் பெயர்பெற்ற டோபர்மோரியில், கோடையில் ஹியூரன் ஏரியின் மேல்மட்டம் சூடேறினாலும் ஆழத்து நீர் 4 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரிக்குள் நிற்கிறது.

நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். குளிர் ஏறும்போது முதலில் விரல்கள் மரத்துப் போகும். வால்வுகளையும் கொக்கிகளையும் இயக்குவது கடினமாகும். பின்னர் சிந்தனையும் முடிவெடுக்கும் திறனும் மங்கும். உடலின் உள் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது தாழ்வெப்பநிலை எனப்படும் மருத்துவ அவசர நிலையாகும்.

செயல்படும் முறை

எந்தத் துணியும் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கு இடையே அசையாமல் சிறைப்படும் காற்றே வெப்பத்தைத் தடுக்கிறது. எனவே நல்ல உள்ளாடை என்பது, அழுத்தப்பட்டாலும் ஈரமானாலும் தன்னுள் காற்றை விடாமல் வைத்திருக்கும் ஆடையாகும். துணியைப் பற்றிய மற்ற எல்லாத் தேர்வுகளும் இதிலிருந்தே பிறக்கின்றன.

நீருக்குள் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகி, உடைக்குள் இருக்கும் காற்றின் கன அளவு பாதியாகச் சுருங்கும். உடை உடலை இறுக்கி உள்ளாடையை நசுக்கும். இதை ஈடுகட்ட, மார்பில் உள்ள வால்வு வழியாக உருளையிலிருந்து சிறிது சிறிதாகக் காற்று செலுத்தப்படுகிறது. முக்குளிப்பவர் செங்குத்தாக நிற்கும்போது காற்று தோள்பட்டைக்கு ஏறிவிடும். கால்கள் இறுக்கத்தில் மாட்டிக்கொள்ளும். மற்ற இடங்களைவிடப் பாதங்கள் விரைவில் குளிர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த வாயு செலுத்தப்படுகிறது என்பதும் முக்கியம். ஹீலியம் காற்றைவிட ஏறத்தாழ 6 மடங்கு வெப்பத்தைக் கடத்துவதால், ஆழ்முக்குளிப்பில் சுவாசிக்கும் ஹீலியம் கலவையை உடைக்குள் செலுத்துவது தவிர்க்கப்படுகிறது. ஆர்கானின் கடத்துதிறன் காற்றினுடையதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் 2001-இல் வெளியான நார்வே ஆய்வொன்றில், ஆர்கானுக்கும் காற்றுக்கும் இடையே முக்குளிப்பவர்களின் உடல் வெப்பத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வாயுவை மாற்றுவதற்கு முன் உள்ளாடையைச் சரியாகத் தேர்வதே பயன் தரும்.

பருத்தி ஏன் ஏற்றதன்று

விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், சேத்தூர் வட்டாரத்தில் துணி என்றாலே பருத்தி நினைவுக்கு வரும். பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதலாக இங்கே நூற்பாலைகள் பெருகின. அருகிலுள்ள சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ், காஸ் துணிகளுக்குப் பெயர்பெற்றது. இந்தத் துணிகளின் தயாரிப்பைக் கவனித்தால் உலர் உடைக்குப் பருத்தி ஆகாத காரணம் விளங்கும்.

பறித்த பருத்தியின் மேல் இயற்கையான மெழுகுப் படலம் உண்டு; அது நீரை எளிதில் ஏற்காது. காரத்தில் வேகவைத்து அந்த மெழுகை நீக்கி வெளுத்த பிறகே துணி இரத்தத்தையும் சீழையும் விரைந்து உறிஞ்சுகிறது. காயத்துக்கு வேண்டிய இந்தக் குணமே குளிர்நீரில் தீங்காகிறது. வியர்வையை உறிஞ்சிய பருத்தி அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். காற்று இருந்த இடைவெளிகளில் நீர் நிறையும்; துணி தோலோடு ஒட்டும்; உடற்சூடு வெளியேறும். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு காற்றில் நிற்பவருக்கு வெடவெடப்பதும், ஈரத்துணி சுற்றிய மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் ஈரப் பருத்தி எவ்வாறு வெப்பத்தை இழக்கச் செய்கிறது என்பதைக் காட்டும். வெயிலுக்கு இதமான அந்தப் பண்பு இங்கே வேண்டாதது. ஆகவே தோலை ஒட்டி அணியும் பனியனும் காலுறையும்கூடப் பருத்தியாக இருக்கக் கூடாது என்று பயிற்றுநர்கள் வலியுறுத்துகின்றனர்.

ஏற்ற இழைகள்

கம்பளி: ஆவி வடிவிலான ஈரத்தைத் தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை, தொட்டால் ஈரம் தெரியாமலே ஏற்கக்கூடியது. இழைகள் சுருண்டிருப்பதால் நனைந்தாலும் ஓரளவு காற்றைப் பிடித்துவைக்கும். மெல்லிய மெரினோ கம்பளி தோலை அரிக்காததால் அடியாடைக்கு விரும்பப்படுகிறது.

ஃபிளீஸ்: பாலியெஸ்டர் இழையில் பஞ்சுபோல் மயிர் எழுப்பிய துணி. இலேசானது, விலை குறைவானது, விரைவில் உலரும். ஆனால் அழுத்தத்தில் எளிதில் நசுங்கிவிடும்.

தின்சுலேட்: 3எம் நிறுவனத்தின் நுண்ணிழை அடுக்கு. குறைந்த தடிமனில் அதிகக் காப்பு தரும். இதில் அழுத்தத்தைத் தாங்கும் வகை, உலர் உடை உள்ளாடைகளில் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. நனைந்தாலும் முழுவதும் பயனிழப்பதில்லை.

கழுத்து அல்லது மணிக்கட்டு அடைப்பு கிழிந்து உடைக்குள் நீர் புகுந்தால், மேலே வந்து சேரும்வரை காப்பு மிஞ்சியிருக்குமா என்பது இழையைப் பொறுத்தது. இறகு நிரப்பிய மலையேற்றச் சட்டைகள் நிலத்தில் எவ்வளவு கதகதப்பாக இருந்தாலும், நசுங்கினாலும் நனைந்தாலும் பயனற்றுப் போவதால் இதற்குப் பொருந்தா.

அடுக்குகள்

வழக்கமாக இரண்டு அடுக்குகள் அணியப்படும். தோலை ஒட்டிய மெல்லிய அடியாடை, வியர்வையைத் தோலிலிருந்து விலக்குகிறது. அதன்மேல் அணியும் தடித்த ஆடை காற்றைச் சிறைப்படுத்துகிறது. கடுங்குளிரில் இவற்றுக்கு நடுவே கையில்லாச் சட்டை ஒன்று சேர்க்கப்படும். கை கால் அசைவைத் தடுக்காமல் மார்புக்கும் வயிற்றுக்கும் மட்டும் கூடுதல் காப்பு கிடைக்கும்.

வெப்பநிலைக்கு ஏற்ற தேர்வு

பொதுவான வழிகாட்டல் பின்வருமாறு:

15 முதல் 20 டிகிரி: அடியாடையும் மெல்லிய ஃபிளீசும்.
10 முதல் 15 டிகிரி: அடியாடையும் நடுத்தரத் தடிமன் ஆடையும்.
5 முதல் 10 டிகிரி: கம்பளி அடியாடையும் தடித்த தின்சுலேட் ஆடையும்.
5 டிகிரிக்குக் கீழ்: மேற்கண்டவற்றுடன் நடுச்சட்டை, உலர் கையுறை, இரட்டைக் காலுறை.

ரப்பர் நுரையாலான நியோப்ரீன் உலர் உடை தானும் சிறிது காப்பளிக்கும் என்பதால் உள்ளாடை மெல்லியதாக இருக்கலாம். மூவடுக்குத் துணியாலான உடைக்கு அநேகமாகக் காப்பே இல்லை. நீருக்கடியில் அசையாமல் படம் பிடிப்பவர், நீந்திக்கொண்டே இருப்பவரைவிடத் தடித்த ஆடை அணிய வேண்டும். ஒல்லியான உடல், நீண்ட நேரம், ஒரே நாளில் பலமுறை இறங்குதல் ஆகியவையும் கணக்கில் கொள்ளப்பட வேண்டியவை.

எடையும் அளவும்

உள்ளாடை தடிக்கத் தடிக்க உடைக்குள் நிற்கும் காற்றும் கூடும். 1 லிட்டர் காற்று ஏறக்குறைய 1 கிலோ மிதப்பைத் தருவதால், அதே அளவு ஈயம் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். உள்ளாடையை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆழமற்ற நீரில் மிதப்பைச் சோதித்து எடையைத் திருத்துவது வழக்கம்.

உலர் உடை வாங்கும்போது, அணியவிருக்கும் மிகத் தடித்த உள்ளாடையுடனேயே அளவு பார்க்க வேண்டும். உடை இறுக்கமாக இருந்தால் உள்ளாடை கரையிலேயே நசுங்கிவிடும். குந்தி உட்காரவும், தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் உருளையின் வால்வைத் தொடவும் முடிந்தால் அளவு சரி எனலாம்.

மின்சூடேற்றியும் அழுத்த நீக்க நோயும்

மின்கலத்தால் இயங்கும் சூடேற்றிச் சட்டைகளும் இன்று கிடைக்கின்றன. இவற்றைப் பயன்படுத்துவதில் கவனம் தேவை. உடல் சூடாக இருக்கும்போது இரத்த ஓட்டம் கூடி, திசுக்கள் மந்த வாயுவை அதிகம் ஏற்கும். மேலேறும்போது உடல் குளிர்ந்திருந்தால் அந்த வாயு மெதுவாகவே வெளியேறும். அமெரிக்கக் கடற்படையின் சோதனை முக்குளிப்புப் பிரிவு 2007-இல் வெளியிட்ட ஆய்வு, ஆழத்தில் வெதுவெதுப்பாகவும் ஏறும்போது குளிராகவும் இருந்தவர்களுக்கு அழுத்த நீக்க நோய் அதிகம் ஏற்பட்டதைக் காட்டியது. இதற்கு நேர்மாறாக, ஏறும்போது வெதுவெதுப்பாக இருந்தவர்களுக்கு ஆபத்து வெகுவாகக் குறைந்தது. அச்சோதனையில் குளிர் எனக் கொள்ளப்பட்டது ஏறக்குறைய 27 டிகிரி நீரே என்பது கவனிக்கத்தக்கது.

எனவே தொடக்கம் முதலே சூடேற்றியை முழுவீச்சில் இயக்கி, ஏறும் வேளையில் மின்கலம் தீர்ந்து குளிரில் நடுங்குவதே மிக மோசமான நிலை. சூடேற்றி நின்றுபோனாலும், நிறுத்தங்களை முழுமையாக முடித்து மேலே வரும் அளவுக்குக் காப்பு உள்ளாடையிலேயே இருக்க வேண்டும். சூடேற்றி அதற்கு மேலான வசதி மட்டுமே.

பராமரிப்பு

உப்பு ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. ஆகவே கடல்நீர் பட்ட உள்ளாடையை நல்ல நீரில் அலசி, முழுதாக உலர்த்திய பிறகே அடுத்த முறை அணிய வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவங்கள் இழையின் ஈரம் கடத்தும் திறனைக் குறைக்கும். கம்பளியை வெந்நீரில் அடித்துத் துவைத்தால் சுருங்கி இறுகிவிடும். தடித்த ஆடைகளைப் பைக்குள் நெடுநாள் அமுக்கி வைத்தால் அவற்றின் புசுபுசுப்பும், அதனோடு காற்றைப் பிடிக்கும் திறனும் குறையும். ஆகையால் அவற்றைத் தொங்கவிட்டே வைப்பது நல்லது.