'நிரந்தர' அஞ்சல் வாக்குப் பட்டியலிலிருந்து பெயர் எப்போது நீங்கும்?

சிங்கப்பூரில் வாக்களிக்கத் தவறியவரின் பெயர் வாக்காளர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். தக்க காரணம் இருந்தால் கட்டணமின்றியும், இல்லாவிட்டால் 50 வெள்ளி செலுத்தியும் பெயரை மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். வாக்களிப்பு இங்கு கட்டாயம் என்பதால் இந்த விதி நமக்குப் பழகிப்போன ஒன்று.

அமெரிக்காவில் வாக்களிப்பது கட்டாயமில்லை. ஆனாலும் வாக்களிக்காதவரின் பெயர் ஒரு பட்டியலிலிருந்து அங்கும் நீங்கக்கூடும். அது வாக்காளர் பதிவேடு அன்று. ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குச்சீட்டு தானாகவே வீட்டுக்கு வந்து சேர்வதற்கான அஞ்சல் பட்டியல். பல மாநிலங்களில் அதற்கு 'நிரந்தர' என்ற அடைமொழி உண்டு. அந்த நிரந்தரம் எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் முடிவு செய்கிறது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிள்ளைகளோ உடன்பிறந்தவர்களோ உள்ள குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மாதக்கணக்கில் இங்கும் அங்குமாகப் போய்வருவோர் இந்த விதிகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இதில் அதிகம் பேசப்பட்ட மாநிலம் அரிசோனா. 2007ஆம் ஆண்டில் அங்கு நிரந்தர முன்கூட்டிய வாக்களிப்புப் பட்டியல் உருவானது. ஒருமுறை பெயர் கொடுத்தால் போதும். தேர்தலுக்கு 27 நாள்கள் இருக்கும்போது வாக்குச்சீட்டுகள் அஞ்சலில் புறப்படத் தொடங்கும். கொளுத்தும் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டாம் என்பதாலோ என்னவோ, மக்கள் அதை விரும்பி ஏற்றார்கள். வாக்காளர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் அதில் சேர்ந்துவிட்டனர்.

2020 அதிபர் தேர்தலில் ஜோ பைடன் அரிசோனாவை வென்றது 10,457 வாக்குகள் வித்தியாசத்தில். அடுத்த ஆண்டே, 2021 மே 11ஆம் தேதி, மாநிலச் செனட் அவை 16க்கு 14 என்ற கணக்கில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் டக் டியூசி அன்றே கையெழுத்திட்டார். பட்டியலின் பெயரில் இருந்த 'நிரந்தர' என்ற சொல் போய், 'செயல்படும்' என்ற சொல் வந்தது.

புதிய விதி சொல்வது இதுதான். அடுத்தடுத்த இரண்டு தேர்தல் சுற்றுகளில், அதாவது நான்கு ஆண்டுக் காலத்தில், பிரைமரி எனப்படும் முதற்கட்டத் தேர்தல், பொதுத் தேர்தல், நகராட்சித் தேர்தல் எதிலுமே ஒருவர் முன்கூட்டிய வாக்குச்சீட்டைப் பயன்படுத்தவில்லை என்றால், கவுன்டி பதிவாளர் அவருக்கு அஞ்சலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஒற்றைப்படை ஆண்டின் ஜனவரி 15ஆம் தேதிக்குள் அது அனுப்பப்பட வேண்டும். பட்டியலில் தொடர விரும்புவதாகக் கையெழுத்திட்டு 90 நாள்களுக்குள் திருப்பி அனுப்பினால் பெயர் நிலைக்கும். பதில் வராவிட்டால் பெயர் நீங்கும்.

நான்கு ஆண்டுகளில் ஒரே ஒருமுறை அஞ்சலில் வந்த சீட்டை நிரப்பி அனுப்பியிருந்தாலும் கவலையில்லை. அதிபர் தேர்தலுக்கு மட்டும் வாக்களிப்பவர்கூட அப்படித் தப்பித்துவிடுவார். எனவே விதி கடுமையானது என்று சொல்ல முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விதி பார்ப்பது ஒருவர் வாக்களித்தாரா என்பதை அன்று, முன்கூட்டிய வாக்குச்சீட்டைப் பயன்படுத்தினாரா என்பதை. அஞ்சலில் வந்த சீட்டை மேசையில் போட்டுவிட்டு, தேர்தல் நாளன்று வாக்குச்சாவடிக்கு நேரில் சென்று வாக்களிக்கும் பழக்கமுள்ள பெரியவர் ஒரு தேர்தலையும் தவறவிடாமல் இருக்கலாம். அவருக்கும் அறிவிப்பு வரும். அதே சாவடிக்கு அவர் அஞ்சல் சீட்டை எடுத்துச் சென்று உறையோடு போட்டிருந்தால் வராது. எந்தக் கட்சியையும் சாராதவராகப் பதிந்துள்ளோரும் கவனிக்க வேண்டும். அரிசோனா வாக்காளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இவர்கள். எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்டால்தான் முதற்கட்டத் தேர்தலுக்கு அவர்களுக்குச் சீட்டு வரும். கேட்காதவருக்குக் கணக்கில் சேரும் வாய்ப்புகள் அந்த அளவுக்குக் குறைகின்றன.

பயன்படாத சீட்டுகளை அச்சடித்து அனுப்புவது வீண் செலவு, வீடு மாறியவர்களின் சீட்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன என்பது ஆதரவாளர்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அஞ்சலைக் கவனிக்காதவர் என்று கருதப்படுபவரிடம், அஞ்சலிலேயே ஒரு தாளை அனுப்பித் தொடர விருப்பமா என்று கேட்பது விந்தைதான். நவாஹோ பழங்குடியினரின் நிலப்பகுதியில் பல வீடுகளுக்கு அஞ்சல் நேராகச் செல்வதில்லை. பல மைல் தொலைவில் உள்ள அஞ்சல் பெட்டிக்குப் போய்த்தான் கடிதங்களை எடுத்துவர வேண்டும். அவர்களுக்கு 90 நாள்கள் என்பது தோன்றும் அளவுக்கு நீண்ட அவகாசம் அன்று.

பட்டியலிலிருந்து பெயர் போனால் வாக்குரிமையும் போய்விடுமா? போகாது. வாக்காளர் பதிவேட்டில் பெயர் அப்படியே இருக்கும். நேரில் வாக்களிக்கலாம், அஞ்சல் பட்டியலில் மீண்டும் சேரவும் செய்யலாம். பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்குவதற்கு 1993ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் கட்டுப்பாடு விதிக்கிறது. வாக்களிக்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் நீக்கக்கூடாது. ஊர் மாறிவிட்டதாகக் கருதினால் அறிவிப்பு அனுப்பி, பதிலும் வராமல், அதன்பின் இரண்டு கூட்டரசுப் பொதுத் தேர்தல்களிலும் அவர் வாக்களிக்காமல் இருந்தால்தான் நீக்கலாம். அந்த அறிவிப்பை அனுப்புவதற்கு, வாக்களிக்காததையே தூண்டுகோலாகக் கொண்ட ஒஹாயோ மாநில முறையை உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் 5க்கு 4 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. ஆக, இரண்டு பட்டியல்கள், இரண்டு விதமான விதிகள். அஞ்சலில் வரும் தாள் எதைப் பற்றியது என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

மற்ற மாநிலங்களில் கணக்கு வேறு. ஃபுளோரிடாவில் அஞ்சல் சீட்டுக்கான கோரிக்கை முன்பு இரண்டு பொதுத் தேர்தல்கள்வரை செல்லுபடியானது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, அடுத்த பொதுத் தேர்தல் நடக்கும் ஆண்டின் இறுதியோடு அது காலாவதியாகிறது. தவறாமல் வாக்களித்தவரும் புதிதாகக் கேட்க வேண்டும். பென்சில்வேனியாவில் 'நிரந்தரப் பட்டியலில்' இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் விண்ணப்பம் வரும். அதை நிரப்பி அனுப்ப வேண்டும். மிச்சிகன் தாராளமானது. அங்கு 2022இல் வாக்காளர்கள் ஏற்ற அரசமைப்புத் திருத்தத்தின்படி, தொடர்ந்து ஆறு ஆண்டுகள் வாக்களிக்காமல் இருந்தால்தான் பெயர் நீங்கும். ஒரிகன், வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் வாக்காளர்கள் அனைவருக்கும் சீட்டு அஞ்சலில் போவதால் தனிப் பட்டியலுக்கே வேலையில்லை.

இங்கு வந்து தங்கும் பெற்றோருக்கு இன்னொரு தகவல். அஞ்சல் நிலையத்தில் முகவரி மாற்றம் பதிந்துவைத்தால் மற்றக் கடிதங்கள் புதிய முகவரிக்கு வரும், அரிசோனாவின் வாக்குச்சீட்டு வராது. கொடுக்க முடியாத சீட்டு கவுன்டி அலுவலகத்துக்கே திரும்பிவிடும். பட்டியலுக்கு மாநிலத்துக்கு வெளியே உள்ள முகவரியைக் கொடுக்கவும் பொதுவாக அனுமதியில்லை. ஒரு குறிப்பிட்ட தேர்தலுக்கு மட்டும் வேறு முகவரிக்கு அனுப்பும்படி தனியாகக் கேட்கலாம். ஆனால் நிரப்பிய சீட்டு தேர்தல் நாள் இரவு 7 மணிக்குள் அங்கு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அஞ்சல் முத்திரையில் உள்ள தேதி கணக்கில் வராது.

சிங்கப்பூரிலேயே வசிக்கும் அமெரிக்கக் குடிமக்களுக்கு வழி வேறு. வெளிநாட்டில் இருப்போருக்கான கூட்டரசு அஞ்சலட்டை விண்ணப்பத்தை அவர்கள் அனுப்ப வேண்டும். ஒருமுறை அனுப்பினால் இரண்டு பொதுத் தேர்தல்களுக்குப் போதும் என்ற பழைய ஏற்பாட்டை 2009ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டது. ஆண்டுதோறும் ஜனவரியில் புதிதாக அனுப்பிவிடுமாறு அமெரிக்கக் கூட்டரசு வாக்களிப்பு உதவித் திட்டம் அறிவுறுத்துகிறது.