சராசரி மறைப்பவை: யோர்க் நகரின் சிசு மரணமும் வர்க்க வேறுபாடும்

ஒரு சமுதாயத்தின் நலத்தை அளந்தறிவதற்குப் பயன்படும் எண்களுள் சிசு மரண வீதம் தலையாயது. உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிறையுமுன்னர் இறப்போரின் தொகையே அவ்வீதமாகும். நாட்டையும் நாட்டையும், காலத்தையும் காலத்தையும் ஒப்புநோக்க அது உதவுகின்றது. ஆயின், ஒரு நகரத்துக்கென ஒரே எண் கூறப்படும்பொழுது அந்நகரில் வாழும் வர்க்கங்கள் யாவும் அவ்வெண்ணினுள் கரைந்து விடுகின்றன. இறந்த குழந்தைகள் யாருடைய குழந்தைகள் என்னும் வினா எழாது போகின்றது. அவ்வினா எழாதவிடத்து, இறப்புக்கான பழி இயற்கைமீதோ தாய்மார்மீதோ எளிதிற் சுமத்தப்படுகின்றது. இங்கிலாந்தின் யோர்க் நகரைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்க இக்கட்டுரை முனைகின்றது.

கைத்தொழிற் புரட்சியால் உருவான நகரங்களில் மரணமும் வர்க்க அடிப்படையிற் பங்கிடப்படுகின்றது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தெளிவாகி விட்டது. 1842இல் எட்வின் சட்விக் வெளியிட்ட சுகாதார அறிக்கையின்படி, மான்செஸ்டரில் இறந்த உயர்குடியினரின் சராசரி வயது 38. தொழிலாளரதும் அவர்தம் குடும்பத்தினரதும் சராசரி வயது 17. வளர்ந்த தொழிலாளர் யாவரும் பதினேழு வயதில் மடிந்தனர் என்பது இதன் பொருளன்று. தொட்டிற் பருவத்தில் மடிந்தோர் அத்துணைப் பலராயிருந்தமையே அச்சராசரியை இவ்வளவு கீழே இழுத்தது. அதே நகரில் வாழ்ந்து தமது நூலை 1845இல் வெளியிட்ட எங்கெல்ஸ், தொழிலாளர் குழந்தைகளுள் நூற்றுக்கு 57க்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்கு முன்னர் இறக்க, மேல்வர்க்கத்தாரிடையே அத்தொகை 20 ஆகவே இருந்தமையை எடுத்துக்காட்டினார். இத்தகைய இறப்புக்களை அவர் சமூகம் புரியும் கொலையெனவே கருதினார். அரச அலுவலரான சட்விக் குற்றத்தைக் கழிவுநீரிற் கண்டார். எங்கெல்ஸ் அதனைச் சொத்துறவுகளிற் கண்டார். இவ்விரு நோக்குகளுக்கும் இடையிலான வேறுபாடு பின்வந்த விவாதங்கள் அனைத்திலும் தொடர்வதை அவதானிக்கலாம்.

யோர்க் மான்செஸ்டரைப் போன்ற பெருங் கைத்தொழில் நகரன்று. தேவாலயத்துக்குப் பெயர்பெற்ற பழைய நகரம். புகையிரதத் தொழிலகங்களும் கொக்கோத் தொழிற்சாலைகளும் அதன் புதிய முகம். அக்கொக்கோத் தொழிலின் முதலாளிகளுள் ஒருவரான சீபோம் றவுண்ட்ரீ 1899இல் அந்நகரின் தொழிலாளர் வீடுகளை வீடுவீடாக ஆராய்வித்தார். 11,560 குடும்பங்கள், 46,754 மாந்தர் அவ்வாய்வில் அடங்கினர். 1901இல் வெளிவந்த அவரது நூல், நகரத்தின் மொத்தக் குடித்தொகையில் நூற்றுக்கு 27.84 பங்கினர் வறுமையில் வாழ்ந்தனர் எனக் கண்டது. தொழிலாளர் பகுதிகளை மிக வறியது, இடைத்தரமானது, உயர்ந்தது என மூன்றாக வகுத்து அவற்றின் மரணங்களையும் அவர் கணித்தார். மிக வறிய பகுதியிற் சிசு மரண வீதம் 247. இடைத்தரப் பகுதியில் 184. உயர்தரத் தொழிலாளர் பகுதியில் 173. பணியாளரை வைத்து வாழ்ந்த வர்க்கத்தாரிடையே அது 94. நகரத்தின் சராசரியோ 176.

இவ்வெண்கள் நுணுகி நோக்கத்தக்கவை. மிக வறிய பகுதியில் நான்கு குழந்தைகளுள் ஒன்று முதலாண்டைக் கடக்கவில்லை என்பது வெளிப்படை. அதனினும் கருத்திற் கொள்ளத்தக்கது, இடைவெளி எங்கு விழுகின்றது என்பதாகும். உயர்தரத் தொழிலாளரென்போர் சிக்கனமும் ஒழுங்கும் உடையோரெனப் புகழப்பட்டவர்கள். அவர்களது பகுதியின் பொது மரண வீதம் ஆயிரத்துக்கு 13.5, மிக வறிய பகுதியில் அது 27.8. பொது மரண வீதம் மக்களின் வயதமைப்பையும் பொறுத்ததெனினும், பாதியளவான இவ்வீழ்ச்சி பெரிதே. ஆனால் அதே பகுதியின் சிசு மரணம் நகரச் சராசரியை ஒட்டியே நின்றது. பணியாளரை வைத்திருந்தோரின் வீதத்தைவிட அது ஏறத்தாழ இருமடங்கு. அதாவது, பெரும் பிளவு சோம்பேறி ஏழைக்கும் உழைப்பாளி ஏழைக்கும் இடையில் அமையவில்லை. கூலிக்கு உழைப்போருக்கும் பிறரது உழைப்பை வீட்டிலும் வெளியிலும் பெறுவோருக்கும் இடையில் அமைந்தது. 176 என்னும் சராசரி இப்பிளவையே மறைத்துவிடுகின்றது.

வறுமையின் காரணம் பற்றிய கணிப்பும் இதனை உறுதிப்படுத்துகின்றது. உடலைப் பேணுவதற்குரிய மிகக் குறைந்த செலவுக்கும் போதாத வருவாயை றவுண்ட்ரீ முதனிலை வறுமை என்றார். தாய், தந்தை, மூன்று குழந்தைகள் கொண்ட குடும்பத்துக்கு வாரத்துக்கு 21 சிலிங் 8 பென்ஸ் என்பது அவர் வகுத்த எல்லை. அவ்வெல்லைக்குள் வாழ்வோர் செய்தித்தாள் வாங்கவோ, பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதி முத்திரை ஒட்டவோ இடமில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். இத்துணை இறுக்கமான எல்லைக்கும் கீழே வீழ்ந்தோருள் நூற்றுக்கு 51.96 பங்கினர் வீழ்ந்தமைக்குக் காரணம், ஒழுங்கான வேலையிருந்தும் கூலி குறைவாயிருந்தமையே. வேலையின்மையின் பங்கு 2.31 மட்டுமே. வறுமை உழைப்பின்மையாற் பிறப்பதன்று, உழைப்புக்கு அளிக்கப்படும் விலையாற் பிறப்பது என்னும் உண்மை ஒரு முதலாளியின் கணக்கேட்டிலேயே பதிவாயிற்று. எனினும், அவ்விலை ஏன் அவ்வளவாயிற்று என்ற வினாவை அவர் தமது வர்க்க எல்லையைத் தாண்டி எழுப்பவில்லை.

கூலிக் குறைவு எவ்வாறு குழந்தையின் உயிரைத் தொடுகின்றது? குடும்பத்தின் வருவாய் தந்தையின் உடலுழைப்பில் தங்கியிருந்தமையால் இருக்கும் உணவு முதலில் அவருக்கே சென்றது; மீந்ததையே தாயும் பிள்ளைகளும் உண்டனர். கருவுற்ற தாயின் பசி, பிறக்குமுன்னரே குழந்தையைத் தாக்கிற்று. தாய்ப்பால் கிட்டாத குழந்தைக்குத் தகரத்தில் அடைத்த, கொழுப்பு நீக்கிய மலிவான கட்டிப்பாலே கிடைத்தது. நெருக்கமான முற்றங்களிற் பல வீடுகளுக்கு ஒரே நீர்க்குழாய். அருகிலேயே மலமும் சாம்பலும் குவிந்த திறந்த குழிகள். கோடையில் அங்கிருந்து எழும் ஈக்கள் பாற்போத்தலில் மொய்த்தன. வயிற்றோட்டம் குழந்தைகளை வாரிச் சென்றது. 1910இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் 105 ஆக இருந்த சிசு மரண வீதம், கடுங் கோடை நிலவிய 1911இல் 130 ஆக உயர்ந்தது. வெயில் எல்லார் மீதும் ஒருபடியாகவே காய்ந்தது. ஆனால் குழி மலகூடம் எல்லார் வீட்டு வாயிலிலும் இருக்கவில்லை.

எனினும் அக்காலத்து ஆதிக்கக் கருத்து, குற்றத்தைத் தாயின் அறியாமையிற் கண்டது. 1906இல் ஜோர்ஜ் நியூமன் எழுதிய நூல் சிசு மரணத்தை ஒரு சமூகப் பிரச்சினையென ஏற்றுக்கொண்ட போதும் அதனைப் பெரிதும் தாய்மையின் குறைபாடாகவே விளக்கிற்று. தொழிற்சாலைக்குச் செல்லும் தாயர் சிறப்பாகப் பழிக்கப்பட்டனர். போவர் யுத்தத்துக்குப் படை சேர்த்தபொழுது இளைஞர் பலர் உடற்றகுதியின்றித் தள்ளப்பட்டமை இக்கவலையின் பின்னணியாகும். பேரரசுக்குப் படைவீரர் தேவைப்பட்டனர். குழந்தைகள் அதன் பொருட்டே நினைவுகூரப்பட்டனர்.

1911ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பையொட்டித் தந்தையின் தொழிலுக்கேற்பக் கணிக்கப்பட்ட வீதங்கள் இக்குற்றச்சாட்டைத் தகர்க்கின்றன. மேல்வர்க்கத்தாரிடையே வீதம் 76. பயிற்சியற்ற தொழிலாளரிடையே 153. பெண்கள் பெருமளவில் ஆலைக்குச் சென்ற நெசவுத் தொழிலாளரிடையே 148. ஆனால் மனைவியர் அரிதாகவே வெளியே வேலைக்குச் சென்ற சுரங்கத் தொழிலாளரிடையே அது 160. தாய் வீட்டிலிருந்தமை அங்கு குழந்தையைக் காக்கவில்லை. மறுபுறம், மிகக் குறைந்த கூலி பெற்ற விவசாயத் தொழிலாளரிடையே வீதம் 97 மட்டுமே. கூலி ஒன்றே யாவற்றையும் விளக்கிவிடும் என இயந்திரப் பாங்காகக் கொள்ளலாகாது என்பதை இவ்வெண் உணர்த்துகின்றது. நகரிலும் சுரங்கக் குடியிருப்பிலும் கூலியோடு வாடகையும், நெரிசலும், நீரும், கழிவும் சேர்ந்தே குழந்தையின் விதியை நிர்ணயித்தன. இவையும் சொத்துறவுகளுக்குப் புறம்பானவையல்ல. குழாயும் கழிவு வாய்க்காலும் அமைப்பதற்கான வரியைக் கொடுப்போரும், அதனைத் தீர்மானிக்கும் நகரசபையில் அமர்ந்தோரும் பெரும்பாலும் சொத்துடையோரே.

தாயரின் குரலைக் கேட்கவும் நமக்குச் சான்றுகள் உள. 1913இல் மோட் பெம்பர் றீவ்ஸ் வெளியிட்ட நூல், இலண்டன் லம்பெத் பகுதியில் வாரம் ஒரு பவுணளவில் வாழ்ந்த குடும்பங்களின் செலவுக் கணக்குகளைத் தந்தது. அத்தாயர் அறியாமையாற் பாலைத் தவிர்க்கவில்லை; பால் அவர்களது கைக்கு எட்டவில்லை. 1915இல் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் வெளியிட்ட கடிதத் தொகுப்பு மேலும் கவனத்துக்குரியது. ஓரளவு வசதியுடைய தொழிலாளரின் மனைவியரே அக்கடிதங்களை எழுதினர். கருவுற்ற காலத்துப் பட்டினி, பேறு வரையிலான உழைப்பு, பிறந்திறந்த குழந்தைகள் ஆகியவற்றை அலங்காரமின்றி அவர்கள் கூறினர். புனைகதை புகாத அவ்வீடுகளின் வரலாறு அவ்வாறே எழுத்துருப் பெற்றது. இலக்கிய மாணவர் இவற்றை வெறும் ஆவணங்களென ஒதுக்குதல் பொருந்தாது. அவை அழுகையோடு அமையவில்லை. பேறுகால உதவியும் பராமரிப்பும் உரிமையெனக் கோரும் இயக்கத்தின் கருவிகளாயின. 1918ஆம் ஆண்டின் தாய் சேய் நலச் சட்டத்தின் பின்னணியில் அவ்வியக்கமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 150க்கு மேலிருந்த இங்கிலாந்தின் வீதம், கூலி உயர்வும் குடும்ப அளவின் சுருக்கமும் நகரச் சுகாதாரமும் பொது வைத்தியமும் ஒன்றுசேர 1950இல் ஏறக்குறைய 30 ஆயிற்று.

யோர்க்கின் வறிய மேசையில் ரொட்டியுடன் எப்பொழுதும் இருந்தது தேநீர். போதிய உணவில்லாத வயிற்றுக்குச் சூட்டையும் சர்க்கரையையும் தந்த அத்தேயிலை, அக்காலத்தில் பெரும்பாலும் இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்தே சென்றது. அதனைக் கொய்தோரின் குழந்தைகளும் சராசரிக்குள் மறைந்தவர்களே. சிசு மரணக் குறைப்பில் உலகின் பாராட்டைப் பெற்ற நமது நாட்டில், 1974ஆம் ஆண்டின் உணவு நெருக்கடியின்போது பெருந்தோட்டங்களின் சிசு மரண வீதம் நாட்டுச் சராசரியின் இருமடங்கையும் தாண்டிற்று. மலிவான உழைப்பின் மேல் எழுந்த ஒரே பொருளாதாரத்தின் இரு முனைகள் இவை.

ஆகவே, ஒரு நகரத்தின் சிசு மரணம் வீழ்ந்துவிட்டது என்னும் செய்தியைக் கேட்கும்பொழுது, எவருடைய வீடுகளில் வீழ்ந்தது என்று வினவுதல் வேண்டும். இங்கிலாந்தில் இன்று அவ்வீதம் ஆயிரத்துக்கு நான்களவில் உள்ளது. ஆயினும் மிகப் பின்தங்கிய பகுதிகளின் வீதம் மிக வசதியான பகுதிகளின் வீதத்தைவிட ஏறத்தாழ இருமடங்காகவே நீடிக்கின்றது. எண் சிறுத்தது, அதனைப் பங்கிடும் முறை மாறவில்லை. பகுதிவாரியாகவும் தொழில்வாரியாகவும் கணக்கெடுக்குமாறு கோருவது வெறும் புள்ளிவிபர நுணுக்கமன்று. தாயைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கி, கூலியையும் குடியிருப்பையும் விசாரணைக்கு உட்படுத்துவதற்கான முதற்படி அதுவேயாகும்.