ஒரு பாவு முடிந்தால் மறு பாவு

2024-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் காஞ்சி மாநகர் பெருமிதம் கொண்ட நாளாகும். அன்று பாரிஸ் நகரப் பாராலிம்பிக் போட்டிகளில் நம் ஊர்ப் பெண் துளசிமதி முருகேசன் இறகுப்பந்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பிறவியிலேயே ஒரு கையில் குறையுடைய அவருக்கு ஆட்டம் பழக்கியவர் அவருடைய தந்தையாரே. இதனை அங்கத்தினர் பலர் நன்கறிவர்.

அதே நாளில், அதே நகரில், ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார் அரியானா மாநிலத்து வாலிபர் ஒருவர். அவர் பெயர் சுமித் அன்டில். ஆட்டத்தில் உயிரை வைத்திருந்த ஒரு பிள்ளை, பதினாறாம் வயதில் அந்த ஆட்டத்தை இழந்து, பிறகு வேறொன்றில் மனம் ஊன்றிய வரலாறு அவருடையது. வளரும் பிள்ளைகளை உடைய ஒவ்வொரு குடும்பத்தாரும் அதனை அறிந்திருத்தல் நலம்.

சுமித் 1998-இல் சோனிப்பத் மாவட்டத்துக் கேவ்ரா கிராமத்தில் பிறந்தவர். விமானப்படையில் பணியாற்றிய தந்தையார் மகனின் இளம் வயதிலேயே காலமானார். அந்த மாவட்டம் மல்லர்களின் விளைநிலம். 2012-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற யோகேசுவர் தத் அம்மாவட்டத்துக்காரரே. அவரைப் போல் ஆக வேண்டும் என்பதே சிறுவன் சுமித்தின் கனவு. விடியுமுன் எழுதல், உடற்பயிற்சி, கோதாவில் மண் படப் புரளுதல் என்று அவன் நாள்கள் கழிந்தன.

2015 ஜனவரியில், தனிப்பாடம் முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகையில் விபத்து நேர்ந்தது. இடக்கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. மல்யுத்தத்திற்கு இரு கால்களும் மண்ணில் ஊன்றி நிற்க வேண்டும். ஆகவே அந்தக் கனவு அத்துடன் முடிந்தது.

பத்திரிகைகளில் பதக்கங்களையே காண்கிறோம். ஆனால் நாம் நின்று சிந்திக்க வேண்டியது, விபத்துக்கும் புதிய முயற்சிக்கும் இடையே கழிந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றியே. புண் ஆறிவிடும்; செயற்கைக் காலும் பொருத்திவிடலாம். ஆயினும் விடியற்காலையில் எழுந்து ஓடிப் பழகிய உடம்பு, எழுந்தபின் செய்வதற்கு ஒன்றுமின்றிப் படுக்கையிலேயே கிடக்குமாயின், அந்த வேதனைக்கு மருந்து ஏது?

2017-இல் அம்மருந்து அவர் ஊரிலிருந்தே வந்தது. கேவ்ராவிலேயே மாற்றுத்திறனாளி விளையாட்டு வீரர் ஒருவர் இருந்தார். இத்தகையோருக்கெனத் தனிப் போட்டிகள் உண்டு என்று அவரே சுமித்துக்கு எடுத்துரைத்தார். சுமித் முதலில் கையில் எடுத்தது குண்டு. பிறகே ஈட்டிக்கு மாறினார். மல்யுத்தம் உரமேற்றிய தோளும் முதுகும் ஈட்டிக்குப் பயன்பட்டன. ஆனால் பழக்கம் எளிதாக அமையவில்லை. ஓடி வந்து, சட்டென்று நின்று, உடலின் விசை முழுவதையும் ஈட்டியில் ஏற்ற வேண்டும். அப்போது செயற்கைக் கால் தசையில் உராயும்; தோல் கிழிந்து இரத்தம் கசியும். அந்த வலியோடுதான் அவர் பழகினார்.

2019-இல் துபாயில் உலகப் போட்டியில் வெள்ளி பெற்றார். 2021-இல் டோக்கியோவில் ஒரே போட்டியில் மூன்று முறை உலகச் சாதனையை விஞ்சி, 68.55 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். 2023-இல் சீனாவின் ஹாங்சோவில் 73.29 மீட்டர், 2024-இல் பாரிஸில் 70.59 மீட்டர். இவ்விரண்டிலும் தங்கமே.

நம் தறியில் ஒரு பாவு முடிந்தவுடன் அச்சையும் விழுதையும் கழற்றி எறிந்துவிடுகிறோமா? அவற்றில் கோத்து நிற்கும் பழைய இழை நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கிறோம். ஆயிரக்கணக்கான இழைகளைப் பொறுமையுடன் பிணைத்து முடித்தால்தான் தறி மீண்டும் ஓடும். சுமித்திடம் பழைய இழை நுனிகள் இருந்தன. மல்யுத்தம் தந்த உடலுரமும் ஒழுங்கும் காலோடு போய்விடவில்லை. பிணைத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவே.

நம் மாநிலத்திலும் இதற்குச் சான்று உண்டு. சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் சிதைந்தவர். பள்ளியில் கைப்பந்தாடிக் கொண்டிருந்த அவரை உயரம் தாண்டச் செய்தவர் உடற்பயிற்சி ஆசிரியர். அப்பிள்ளை 2016-இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார். 2021-இல் வெள்ளியும் 2024-இல் வெண்கலமும் அவரை வந்தடைந்தன.

செயற்கைக் காலின் வரலாற்றிலும் நம்மைப் போன்ற கைத்தொழிலாளி ஒருவருக்குப் பங்குண்டு. 1968-இல் உருவான ஜெய்ப்பூர்க் கால், மருத்துவர் பிரமோத் கரண் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து படைத்தது. வெறுங்காலுடன் நடக்கவும், சேற்றில் இறங்கவும், குந்தி உட்காரவும் ஏற்றவாறு இரப்பரால் அமைத்தனர். 1981-இல் தமிழகத்தில் நேர்ந்த பேருந்து விபத்தில் காலை இழந்த இளம்பெண் சுதா சந்திரன், அதைப் பொருத்திக்கொண்டே 1984-இல் மீண்டும் மேடையில் பரதம் ஆடினார்.

இனி நம் கடமையைக் காண்போம். அடிபட்டு வீட்டிலிருக்கும் பிள்ளையை, உட்கார்ந்து செய்யும் வேலைதானே என்று தார் சுற்றப் பணிப்பது நம்மிடையே இயல்பு. அதில் தவறில்லை, ஆனால் அதனோடு நின்றுவிடலாகாது. அவன் மனம் எதில் செல்கிறது என்று கேட்க வேண்டும். சித்திரமோ, சரிகைப் புட்டாவின் வடிவமைப்போ, கணிப்பொறியோ, இசையோ, வேறு விளையாட்டோ எதுவாயினும் ஆகுக. முதலில் எடுத்தது பொருந்தாவிடில் இரண்டாவதை எடுக்கவும் இடந்தர வேண்டும். சுமித்தும் குண்டை விட்டே ஈட்டிக்கு வந்தார் அன்றோ?

சட்டத்தின் துணையும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்திற்குக் குறையாத ஊனமுடைய பிள்ளைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. அரசுப் பணிகளில் 4 சதவீத ஒதுக்கீடும் உண்டு. இதற்கான அடையாள அட்டையைப் பெற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். எழுதப் படிக்க அறிந்த அங்கத்தினர் ஒருவர் உடன் சென்றால் பாதி வேலை முடிந்தது போலாகும்.

கேவ்ராவில் ஒருவர் தாமறிந்ததைத் தம் ஊர்ப் பிள்ளைக்குச் சொன்னார். அதனால் ஒரு வாழ்வு மறுபடி தளிர்த்தது. நம் தெருவிலும் அத்தகைய பிள்ளை ஒருவன் திண்ணையில் அமர்ந்து, மற்றவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடும். அங்கத்தினர்களே, இன்று மாலை தறியை விட்டு எழுந்ததும் அவன் வீட்டுக்கு ஒரு நடை சென்று வாருங்கள். கூட்டுறவு என்னும் சொல்லுக்கு அதுவும் ஒரு பொருள்.